கல்லில் வைத்த கை

போன மாதம் ஆய்க்குடியில் என் வீட்டுக்கு ஒரு இளம் காவலர் வந்திருந்தார். பெயர் இசக்கிமுத்து. குற்றாலத்துக்காரர், தென்காசிப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் வேலை. என் மனைவி காபி கொடுத்தாள். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கைரேகை இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி மேல் விரலை வைத்தால் போதுமாம். மையும் வேண்டாம், காகிதமும் வேண்டாமாம். காபி ஆறி ஆடை கட்டிய பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"ஏட்டையா, நேராவே கேக்கேன். அந்தப் படத்தை எங்க அப்பா எடுத்தாவளா, எடுக்கலையா?"

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அப்படியே சொன்னேன், அவர் நம்பவில்லை. போலீஸ்காரன் 'தெரியாது' என்று சொன்னால் இன்னொரு போலீஸ்காரன் நம்ப மாட்டான். எங்கள் தொழில் அப்படி. "சரி, அப்ப நடந்ததை நடந்தபடி எழுதித் தாங்க. நான் படிச்சுப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். ஆனால் தென்காசியில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எப்போதும் 'ரேகை ஏட்டையா'தான். தோளில் நட்சத்திரம் ஏறியும் ஏட்டு என்ற பட்டம் இறங்கவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், தவழ்ந்தோம், வெயிலில் நின்றோம். வேலைக்கு வந்து கொஞ்ச காலத்தில், கைரேகை எடுக்கும் பயிற்சிக்கு ஒரு ஆளை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. நிலையத்திலேயே என் கையெழுத்துதான் அழகாக இருக்கிறது என்று என்னை அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துக்கும் கைரேகைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தால் ஏதோ சம்பந்தம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

வேலை இதுதான். கண்ணாடித் தகட்டில் கடுகளவு அச்சு மையை வைத்து, ரோலரால் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். மை கூடினால் ரேகைக்கு நடுவே உள்ள பள்ளம் அடைந்துவிடும். குறைந்தால் ரேகையே விழாது. ஆளுடைய விரலைப் பிடித்து நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மையில் உருட்டி, அதேபோலச் சீட்டிலும் உருட்டி எடுக்க வேண்டும். உருட்ட வேண்டியது நாம். அந்த ஆள் நமக்கு உதவி செய்வதாக நினைத்து அழுத்தினாலும் போச்சு, பயந்து விறைத்தாலும் போச்சு, மை அப்பிவிடும். அதனால் யாராக இருந்தாலும் நான் சொல்வது ஒரே வார்த்தைதான்: "கையைத் தளர விடுப்பா, நான் பாத்துக்கிடுதேன்." வெட்டுக்குத்து செய்துவிட்டு வந்தவன்கூட அந்த வார்த்தைக்குக் கையைக் கொடுத்திருக்கிறான். எல்லாம் முடிந்ததும் சீட்டின் அடியில் அவன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ரேகை எடுத்தவன் என்ற முறையில் நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

இயந்திரம் வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த மையால் பாழான சட்டைகளுக்காக என் மனைவி என்னைத் திட்டியதைத் தனியாகவே எழுதலாம்.

எனக்கு எதிரி ஒன்றே ஒன்றுதான், எண்ணெய். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் ஊரே எண்ணெயாக இருக்கும். அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள், தேய்த்துக்கொண்ட ஆட்கள், அந்தக் கூட்டத்தில் செயினை உருவுகிறவன், அவனைப் பிடித்துக்கொண்டு வரும் காவலர், எல்லோர் கையிலும் எண்ணெய். எண்ணெய்க் கையில் மை ஒட்டாமல் வழுக்கும். ஒரு தடவை நான் எடுத்து அனுப்பிய சீட்டு 'தெளிவில்லை' என்று திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து மேஜைக்கு அடியில் ஒரு டப்பா சீயக்காய்த் தூள் வைத்துக்கொண்டேன். எடுப்பதற்கு முன்னால் ஆளுக்குக் கையைத் தேய்த்துக் கழுவிவிடுவேன். கைதாகி வந்தவன் கையைக் கழுவிவிடும் ஒரே ஏட்டு நான்தான் என்று சக காவலர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்தச் சீட்டு திரும்பி வந்தபோது எங்களுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர் ராஜமாணிக்கம் ஐயா. அவர் கத்தி நான் கேட்டதில்லை, கை ஓங்கியும் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல், 'அப்புறம்?' முன்னால் நிற்கிறவன் எதைச் சொன்னாலும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே "அப்புறம்?" என்பார். அவன் இன்னும் கொஞ்சம் சொல்வான். "அப்புறம்?" அவன் தான் சொன்னதற்கே ஒரு காரணம் சொல்வான். "அப்புறம்?" இப்படியே போய், கேட்காததை எல்லாம் கொட்டிவிடுவான். கண்ணாடி சுத்தமாவதற்குள் வழக்கும் சுத்தமாகிவிடும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். திரும்பி வந்த சீட்டுக்காக என்னையும் அப்படித்தான் கேட்டார். மூன்றாவது 'அப்புறம்'முக்கு நான் எட்டாம் வகுப்பில் காப்பியடித்ததைச் சொல்லிவிட்டேன்.

அவரே வாயடைத்து நின்ற நாளும் உண்டு. இசக்கிமுத்து கேட்பது அந்த நாளைப் பற்றித்தான்.

இலஞ்சியில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு. அங்கே சங்கரநாராயணன் என்று ஒருவர் இருந்தார். வடக்கே பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். மனைவி தவறிவிட்டார், மகள் பெங்களூரில். தன் வீட்டில் ஒரு படம் காணாமல் போய்விட்டது என்று அவர் புகார் கொடுத்தார். ஆள் பெயர் தெரியாது என்று வழக்குப் பதிந்து, நானும் இன்ஸ்பெக்டரும் போனோம்.

ஒரு அறை முழுக்கப் படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. மூலையில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சாரல் பெய்துகொண்டிருக்க, உள்ளே என் உதடு வறண்டது. எல்லாப் படமும் ஒரே ஓவியருடையதாம். நம் காலத்தின் பெரிய ஓவியர்களில் ஒருவராம், உயிரோடு இல்லை. அவர் ஒரு சீசனுக்குக் குற்றாலத்தில் வந்து தங்கிச் செய்த வரிசை இது. ஒவ்வொன்றையும் எங்கெங்கோ ஏலத்திலும், மற்ற சேகரிப்பாளர்களைக் கெஞ்சியும் வாங்கிச் சேர்த்ததாகச் சொன்னார். கடைசியாகக் கிடைத்தது 'கை' என்ற படம். அதுதான் போய்விட்டது. ஃபிரேம் சுவரிலேயே மாட்டியபடி இருந்தது. உள்ளே காலி.

"வரைஞ்ச படமா சார்?" என்றேன்.

"வரையறது கல்லுல. வழுவழுன்னு தேய்ச்ச கல்லுல எண்ணெய்ப் பசை உள்ள பென்சிலால வரைவாங்க. அப்புறம் கல்லை ஈரமாக்கி மையை உருட்டினா, எண்ணெய் பட்ட இடத்துல மட்டும் மை பிடிக்கும். அதுல காகிதத்தை வச்சு அழுத்தி எடுக்கறது. கல்லச்சு. லித்தோகிராஃப்."

எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்கும் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சீயக்காய் போட்டுக் கழுவித் துரத்துவதை இவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

"அப்படி எத்தனை எடுப்பாங்க?"

"இது ஐம்பது. ஐம்பதுலயும் ஓவியர் கீழே பென்சிலால நம்பர் போட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார். அப்புறம் கல்லை அழிச்சுடுவாங்க."

"அப்ப ஒரிஜினல் எது சார்?"

"ஐம்பதும் ஒரிஜினல்தான்."

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்த இரண்டு பேருக்கும் ஒரே ரேகை கிடையாது என்று சொல்லித்தான் எனக்குச் சம்பளம். இங்கே ஐம்பதும் அச்சாக ஒன்று, ஐம்பதும் அசல் என்கிறார் ஒரு படித்த மனிதர். "கையெழுத்து இல்லன்னா அது வெறும் காகிதம், ஏட்டையா" என்றும் சொன்னார். அடையாளம் கேட்டதற்கு, தன்னிடம் வருகிற ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்க மூலையில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைப்பேன் என்றார்.

வீட்டுக்கு வந்து போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் சமையல் செய்யும் அம்மா. இன்னொருவர் குற்றாலம் அருவியிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து எண்ணெய் தேய்த்துவிடும் மாசானம். "மாசானம் வந்தா போகும்போது அந்தப் படத்துக்கு முன்னாடி நிப்பான். ரொம்ப நேரம் நிப்பான். ஒரு நாள் கண்ணாடிக்குப் பக்கத்துல கையைக் கொண்டு போனான், நான் தொடாதேன்னு சொன்னேன்" என்றார்.

அன்றே மாசானத்தின் வீட்டுக்குப் போனோம். தேடவே வேண்டியிருக்கவில்லை. வாசலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், 'கை' மாட்டியிருந்தது. கண்ணாடிக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. கறுப்பாக விரிந்த ஒரு உள்ளங்கை, அதைச் சுற்றித் தண்ணீர் விழுகிற மாதிரி மெல்லிய கோடுகள்.

"இது ஏதுலே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் கையி, ஐயா."

"யாரு குடுத்தா?"

"படம் போடுத ஐயா ஒருத்தர் அந்தக் காலத்துல சீசனுக்கு வந்திருந்தாவ. லாட்ஜுல தங்கிருந்தாவ. நாந்தான் தெனமும் எண்ணெய் போட்டுவிடுவேன். கார்ல கல்லு கல்லாக் கொண்டாந்திருந்தாவ. ஒருத்தனையும் தொட விட மாட்டாவ, விரல் பட்டாக்கூட ஏசிருவாவ. ஒரு நாளு அவியளே, 'எண்ணெய்க் கையோட வாலே, இதுல வையி'ன்னாவ. வச்சேன். மறு வருசம் வந்து இந்தத் தாளைக் குடுத்தாவ."

"அப்புறம்?"

"அப்புறம் அவிய வரல."

படத்தையும் மாசானத்தையும் தென்காசிக்குக் கூட்டிவந்தோம். வழியெல்லாம் மாசானம் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஏட்டையா, பையன் இசக்கிமுத்துக்குப் போலீஸ் வேலைக்குப் பேப்பரு வந்துருக்கு. உங்க ஸ்டேஷன்லதான் இருக்காம். அதுக்கு ஒண்ணும் வராதுல்லா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பேப்பர் என் மேஜையில்தான் இருந்தது. தேர்வான பையனைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் விசாரித்து எழுத வேண்டியவன் நானே. தகப்பனைத் திருட்டு வழக்கில் கைது செய்துவிட்டு, குடும்பம் நல்ல குடும்பம் என்று எந்தக் கையால் எழுதுவது? எழுதினாலும் மேலே யார் ஏற்றுக்கொள்வார்கள்? நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சங்கரநாராயணன் நிலையத்துக்கு வந்தார். ஃபிரேமைக் கழற்றிப் படத்தை அவர் முன்னால் வைத்தோம். பார்த்த மனிதர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். படத்தின் அடிப்பக்கம் ஒரு விரற்கடை அளவு நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது. கையெழுத்து இல்லை, நம்பரும் இல்லை. பின்பக்கம் முழுவதும் மைதாப் பசை தடவி அட்டையில் ஒட்டியிருந்தது.

"கையெழுத்து எங்கே?" என்றார்.

"கீழ பென்சில்ல ஏதோ கிறுக்கிருந்துச்சு அய்யா. ஃபிரேமுக்குள்ள அடங்கல. பிளேடு போட்டு எடுத்துட்டேன்" என்றார் மாசானம். "கையி முழுசா இருக்குல்லா?"

சங்கரநாராயணன் முகத்தை மூடிக்கொண்டார். உண்மையிலேயே அழுதார். அவருக்குக் கையெழுத்து போய்விட்டது. மாசானத்துக்குக் கை முழுசாக இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு அடையாளத்தை அழித்த ஒரு ஆள் கிடைத்துவிட்டான். எனக்கு மூன்று பேர் சொல்வதும் சரியாகவே பட்டது.

"கையைப் பதிஞ்சு பாத்துருவோம். அவன் கைதானா இல்லையான்னு தெரிஞ்சிரும்" என்றார் இன்ஸ்பெக்டர். என் வேலை வந்துவிட்டது. மாசானத்தின் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். எத்தனையோ வருஷமாகத் தோலுக்குள் ஊறின எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் துணியால் துடைத்து, "கையைத் தளர விடுப்பா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அடுத்தவர் உடம்பைத் தளர வைத்தே பிழைத்த மனிதர்; அவர் கை என் கைக்குள் பூனைக்குட்டி மாதிரி கிடந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தனித்தனித் தாளில் எடுத்தேன். அடியில் அவர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன்.

வலது கட்டைவிரலின் அடியில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. தேங்காய் வெட்டும்போது பட்டதாம். தாளில் அது பட்டையான வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. படத்தைப் பார்த்தேன். அதிலும் கட்டைவிரலுக்கு அடியில் அதே தழும்பு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆனால் படத்தில் இருந்தது இடது கை. கட்டைவிரல் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மாசானத்தின் இடது கைத் தாளை வைத்துப் பார்த்தேன். அதில் தழும்பே இல்லை.

"அப்ப வேற எவனோ ஒருத்தன் கை" என்றார் இன்ஸ்பெக்டர். "தன்கிட்ட இருக்க தழும்பைப் படத்துல பாத்துட்டு, கதை கட்டியிருக்கான். கை மாறிப் போச்சு, பாவம். கைது பண்ணிரலாம், எழுதுங்க ஏட்டையா."

பேனா மூடியைத் திறந்தேன். மாசானம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்தக் கையை வச்சே?" இது சங்கரநாராயணன். முகத்தை மூடின கைகளை எடுத்திருந்தார்.

"சோத்துக் கையி அய்யா. வேற எந்தக் கையை வைப்பாங்க?"

அவர் அதோடு விட்டிருந்தால் நான் எழுதி முடித்திருப்பேன். ஆனால் எழுந்து வந்து, நான் எடுத்த வலது கைத் தாளைத் தொட்டுப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதன் மேல் வைத்து, தன் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, மெதுவாக உரித்து எடுத்தார். புதுத் தாளில் மங்கலாக ஒரு கை விழுந்திருந்தது. கட்டைவிரல் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"கல்லுல வச்சது வலது கை. கல்லுல இருந்து காகிதத்துக்கு வரும்போது திரும்பிடும். எல்லாக் கல்லச்சும் அப்படித்தான்" என்றார். அந்தத் தாளைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தழும்பு தழும்போடு பொருந்தியது. ஆயுள் ரேகை, நடுவிரலின் கோணல், எல்லாம் பொருந்தின.

முதலில் தெளிந்தது இன்ஸ்பெக்டர்தான். "அப்ப இது இவன் ரேகைதான். திருட்டுப் பொருள்ல இவன் ரேகை இருக்கு. நமக்கு அது போதும்லா?"

"சார், ஐம்பது படத்துலயும் இவர் ரேகைதான் இருக்கும். பம்பாயில ஒருத்தர் வீட்டுல இருக்கறதுலயும் இவர் ரேகைதான்" என்றார் சங்கரநாராயணன்.

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம்?" என்றார். யாரைக் கேட்டார் என்பது தெரியவில்லை. துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சங்கரநாராயணன் மாசானத்தின் பக்கம் திரும்பினார். "இத்தனை நாள் என் வீட்டுக்கு வந்தியே. உன் கைன்னு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே அய்யா. எண்ணெய் போடும்போது கண்ணை மூடிக்கிடுவிய. அப்புறம் தூங்கிருவிய."

அவர் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை. வருஷக்கணக்காக எங்கெங்கோ தேடி அலைந்து வாங்கின கை, வாரா வாரம் அவர் தலையிலேயே இருந்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். "நீங்க பின்னால வட்டம் போடுவேன்னு சொன்னீங்களே. படத்தைத் தண்ணியில ஊறப் போட்டா பசை விட்டுரும். வட்டம் இருந்தா உங்க படம், இல்லன்னா அவன் படம். முடிஞ்சுது. தண்ணியில மை கரையுமா?"

"கரையாது. எண்ணெய் மை."

"அப்ப ஊறப் போட்டுருவோம்."

"வேண்டாம்" என்றார் சங்கரநாராயணன். சட்டென்று சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே. "இது என் படம் இல்ல."

"எப்படிச் சொல்லுதிய?"

"எனக்குத் தெரியும். என்னுது இல்ல."

எப்படித் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாரா, வெட்கப்பட்டுச் சொன்னாரா, கையெழுத்து போன படம் இனி எதற்கு என்று விட்டுவிட்டாரா? என் முப்பது சொச்ச வருஷ அனுபவத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வழக்கை 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று எழுதி முடித்தோம். புகார் கொடுத்தவர் விவரம் தவறிக் கொடுத்துவிட்டார் என்று அதற்குப் பொருள். எந்த விவரம், யார் தவறினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. படத்தை மாசானத்திடமே கொடுத்தோம். அடுத்த நாள் பையனுடைய பேப்பரை எடுத்து, குடும்பத்தின் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதி அனுப்பினேன். அது உண்மைதான். குற்றம் எதுவும் பதிவில் இல்லை.

கிளம்பும்போது சங்கரநாராயணன், நான் எடுத்த அந்த வலது கைத் தாளைக் கேட்டார். வழக்கு இல்லாததால் அது கிழித்துப் போட வேண்டிய தாள். இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். "அவன் சம்மதிச்சா கொண்டு போங்க. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். மாசானம் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பின்பு ஒரு நாள் இலஞ்சிப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். காலியாக இருந்த ஃபிரேமுக்குள் அந்தத் தாள் இருந்தது. கீழே மாசானத்தின் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து. பெரிய ஓவியருடைய படங்களுக்கு நடுவே என் பெயரைப் பார்த்து எனக்குக் கூச்சமாகிவிட்டது. மாசானம் வழக்கம்போலச் சனிக்கிழமைகளில் வந்து எண்ணெய் தேய்ப்பதாகவும், இப்போதெல்லாம் தான் தூங்குவதில்லை என்றும் சங்கரநாராயணன் சொன்னார்.

போன வருஷம் அவர் தவறிவிட்டார். மகள் வந்து வீட்டைக் காலி செய்து படங்களைப் பெங்களூருக்குக் கொண்டுபோனார். எங்கள் தாள் இருந்த ஃபிரேமை மட்டும், அப்பா சொல்லியிருந்தார் என்று மாசானத்தின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். காணாமல் போன படம் வீட்டில் எங்கேயாவது கிடைத்ததா என்று இசக்கிமுத்து அவரிடம் கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் என் வீட்டில் காபியை ஆற வைத்தது.

இதுவரைக்கும் எழுதி முடித்து, போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் கொண்டுபோனேன். மாசானம் இப்போது அருவிக்குப் போவதில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். எதிர்ச் சுவரில் இரண்டு ஃபிரேமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. ஒன்று இடது கை மாதிரி, ஒன்று வலது கை. சேர்த்துப் பார்த்தால் யாரோ கும்பிட வருகிற மாதிரி இருந்தது.

இசக்கிமுத்து நின்றபடியே நான் எழுதியதைப் படித்தார். முடித்ததும் உள்ளே போய், அகலமான பேசின் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"என்னலே செய்யப் போற?" என்றார் மாசானம்.

"படத்தை ஊறப் போடப் போறேம்ப்பா. பின்னால வட்டம் இருக்கா இல்லையான்னு பாக்கணும்."

"அதுக்கென்ன, போடு. கையி அழியாதுல்லா?"

அந்த முகத்தை உற்றுப் பார்த்தேன். பயம் இல்லை. பயம் இல்லாததற்கு ஒன்றும் எடுக்கவில்லை என்றும் பொருள், எடுத்தாலும் அது என் கைதானே என்று நினைக்கிறார் என்றும் பொருள். இசக்கிமுத்து படத்தை ஆணியிலிருந்து எடுத்தார். பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, அட்டையோடு வெளியே எடுத்தார். தண்ணீருக்கு மேலே பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏட்டையா, போடவா?"

எனக்குப் பயமாக இருந்தது. வட்டம் இருந்தால் திருடன் மகன் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பையன் காக்கி போட வேண்டும். இல்லாவிட்டால், தகப்பனைத் தண்ணீரில் போட்டுச் சோதித்தோம் என்று காலம் முழுக்க மருக வேண்டும். போடு என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்றும் சொல்ல வாயெடுத்தேன். அட்டையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்து விறைத்திருந்தன.

நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "கையைத் தளர விடுப்பா, நான் பாத்துக்கிடுதேன்."

விட்டுவிட்டார். படத்தை வாங்கி ஃபிரேமுக்குள் வைத்து, ஆணிகளை மடக்கி, பழைய இடத்திலேயே மாட்டினேன். நான் செய்தது சரியா என்று தயவுசெய்து யாரும் என்னைக் கேட்க வேண்டாம். இசக்கிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார்.

"ஏலே, தண்ணியைக் கொட்டிராத" என்றார் மாசானம். "அடுப்புல வச்சுச் சுட வையி. ஏட்டையா முழங்காலைப் புடிச்சுக்கிட்டே வாராவ, பாத்தியா? எண்ணெய் போட்டு ஒத்தடம் குடுக்கணும். இப்பிடி உக்காருங்க ஐயா."

எவ்வளவு மறுத்தும் விடவில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிவிட்டு, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கி, மூட்டில் வைத்தார். வயசாகியும் அந்தக் கையில் நடுக்கம் இல்லை. கட்டைவிரல் அடித் தழும்பு தோலில் உரசுவது தெரிந்தது. இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஏதாவது பிடிபடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம்தான் முடிந்தது. அப்புறம் மூடிக்கொண்டேன்.